ஜெபமாலையும் சர்வர் அறையும்



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் என்னை ஹாஸ்டல் வராந்தாவில் மடக்கியபோது, "கம்ப்யூட்டரைப் பத்தி ஏதாவது எழுதித் தால, ஆனா எங்களுக்கும் வெளங்குற மாதிரி எழுது" என்றார். நம் லேப் சர்வரை எப்படிப் பராமரிப்பது என்று எழுதலாம் என நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதை எழுத வேண்டுமானால் என் ஆச்சியைப் பற்றியும் எழுத வேண்டும். போன வருடத் தவக்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் பிராஜெக்டும் அந்த சர்வரில்தான் கிடக்கிறது.

முதலில் ஆச்சி. எங்கள் ஊர் கடற்கரை ஊர். கோயில் மணி காலை ஆறுக்கும், நண்பகலுக்கும், மாலை ஆறுக்கும் அடிக்கும். மணி அடித்தால் ஆச்சி எந்த வேலையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு மூவேளை ஜெபம் சொல்லுவாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், வாசலில் மீன்காரி நிற்பாள், அதெல்லாம் கணக்கில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை. விரல் தானாக உருளும், வாய் தானாகச் சொல்லும், நடுவில் "ஏலே, அந்தக் கதவச் சாத்து" என்றும் சொல்லுவாள். எனக்கு அப்போது பதினாறு வயது. உலகத்தில் எல்லாம் தெரிந்தவன். "ஆச்சி, இது என்ன மெஷின் மாதிரி? மனசு இல்லாம வாய் மட்டும் சொன்னா சாமி கேக்குமா?" என்று கேட்டேன். ஆச்சி, "மனசு என்னைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்? வாற அன்னைக்கு நான் இங்க இருக்கணும்லா" என்றாள். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை.

இனி என் காரியம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, கொஞ்சம் லினக்ஸ் தெரியும் என்பதால் லேப் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ரூட் பாஸ்வேர்டு என் கையில். நண்பர்களே, பத்தொன்பது வயதுப் பையன் கையில் ரூட் பாஸ்வேர்டு கொடுப்பது லைசென்ஸ் இல்லாதவன் கையில் பஸ்ஸைக் கொடுப்பது போலத்தான். எப்போதும் ரூட்டாகவே உட்கார்ந்திருப்பேன். 'சூடோ' போட்டு ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு தட்டுவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது!

தவக்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. டிஸ்க் நிறைந்துவிட்டது. பழைய வருடத்து ஃபோல்டர்களை அழித்தால் இடம் கிடைக்கும். மதியம் 12.40, சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, மெஸ்ஸில் அன்று முட்டை. அவசரமாக அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். பழைய வருடத்தின் எண்ணைத் தட்டி, அதை ஒட்டி நட்சத்திரக் குறி போட வேண்டும். நான் எண்ணுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். அந்த இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்றால், "அந்த வருடத்தை அழி, அதோடு இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி." ஆர்.எம். கட்டளை, அதுவும் ரூட் தட்டியது, "நிஜமாவா?" என்று கேட்காது. இறுதியாண்டு அண்ணன்மார், அக்காமார் பிராஜெக்ட் அத்தனையும் நான் கை கழுவப் போவதற்குள் போய்விட்டது.

பேக்கப் இருந்ததே என்பீர்கள். இருந்தது. தினமும் இரவு இரண்டு மணிக்குக் கிரான் என்ற ஏற்பாடு தானாகப் பிரதி எடுக்கும்படி யாரோ ஒரு சீனியர் எழுதி வைத்துப் போயிருந்தார். ஆனால் அந்தப் பிரதியும் அதே டிஸ்கில்தான், வேறொரு பகுதியில். அந்தப் பகுதி நிறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "இடமில்லை, எடுக்க முடியவில்லை" என்று கிரான் ஒவ்வோர் இரவும் ரூட்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள். ரூட் யார்? நான்தான். நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

இதுவரை நடந்தது தவறு. யாருக்கும் நடக்கும். இதற்குப் பிறகு செய்ததுதான் பாவம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கோப்பை அழித்ததும் டிஸ்கிலிருந்து எழுத்துகள் உடனே மறைந்துவிடுவதில்லை. "இந்த இடம் காலி" என்று மட்டும் குறிக்கப்படும். வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். அந்த நிமிடமே சொல்லி, அந்த டிஸ்கை மவுண்ட் நீக்கி, ஃபோட்டோரெக் மாதிரிக் கருவியை ஓட்டியிருந்தால் பாதியாவது கைக்கு வந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டதால் அன்று மாலை லேப் வழக்கம்போல நடந்தது; இரண்டு வகுப்புப் பையன்கள் அதன்மேல் எழுதித் தள்ளினார்கள்.

மறுநாள் விஷயம் வெடித்தது. ஃபோல்டரின் கடைசி மாற்ற நேரத்தைப் பார்த்தார்கள். காலை 7.10 என்று காட்டியது. அந்த நேரத்தில் லேபில் யார் இருப்பார்? கூட்டிப் பெருக்கிக் கதவு திறக்கும் அட்டெண்டர் அண்ணாச்சி ஒருவர்தான். "மெயின் சுவிட்சைப் பிடுங்கினீரா? கீபோர்டைத் துடைக்கேன்னு எதையாவது அமுக்கினீரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். மெமோ கொடுக்கப்போவதாகவும் பேச்சு. அண்ணாச்சி, "துடைச்சேன் ஸார், வேற ஒண்ணும் செய்யல" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சர்வர் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அது யு.டி.சி. என்ற உலக நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 7.10 என்றால் நமக்கு 12.40. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அண்ணாச்சி தப்பித்துவிடுவார். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதைக்குப் போனேன். பதினான்கு நிலை. வாயால் பதில் சொல்லிக்கொண்டே மற்றவர்களோடு நகர்ந்தேன். மனசு என்னவோ மெஸ் முட்டையில்தான் இருந்தது, அதாவது செவ்வாய்க்கிழமை 12.40-இல். முதல் நிலையே குற்றமில்லாதவருக்குத் தீர்ப்பு எழுதுகிற நிலை. சின்ன வயதிலிருந்து பார்த்த படம். அன்றைக்கு அதன் முன்னால் நிற்க முடியவில்லை. ஆச்சி சொன்ன பதில் அப்போதுதான் புரிந்தது. பழக்கத்துக்காக அங்கே போனவன்தான் நான், போயிருந்ததால் மாட்டிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "என்கிட்ட சொன்னது சரி. அந்த மனுஷனுக்கு இதனால என்ன லாபம்? நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு" என்றார்.

சனிக்கிழமை துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டதை இங்கே எழுத வேண்டாம். பாஸ்வேர்டு பறிபோனது, அது நியாயம். அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "நீயாடே?" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஏல மையத்துக்கு மீன் கணக்கு போடும் மென்பொருள் எழுதிய இரண்டு அண்ணன்மார் பதினோரு இரவு உட்கார்ந்து திரும்ப எழுதினார்கள். டீ வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்கு.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். ஜெபம், தவம், மணியடித்தால் முழங்கால் போடுவது இவையெல்லாம் பழசு, நாமெல்லாம் டெக்னிக்கல் ஆட்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், சர்வர் பராமரிப்புக்கு வேண்டிய குணங்களை நம் பாலிடெக்னிக் சிலபஸை விட ஆச்சி வீட்டுத் திண்ணை நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறது. மதம் பரப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வேளை தொழுகிற பாய் வீட்டு நண்பனுக்கும், கார்த்திகை தவறாமல் மாலை போடுகிற நண்பனுக்கும் நான் சொல்வது விளங்கும். எனக்குத் தெரிந்த வீட்டிலிருந்து சொல்லுகிறேன், அவ்வளவே.

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்வோம். தன்னைச் சோதித்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்யேன் என்று தீர்மானிப்பது, வாய்விட்டுச் சொல்வது, பரிகாரம் செய்வது. பெரிய கம்பெனிகளில் சர்வர் விழுந்தால் எழுதுகிற அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எதனால் விழுந்தது, யாருக்கு எவ்வளவு நஷ்டம், இனி விழாமல் என்ன ஏற்பாடு, எப்படி மீட்டோம் என்று அதே வரிசைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் உட்கார்ந்து டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. பேக்கப் எடுக்க ஒன்றுக்கு நான்கைந்து வழி வைத்திருந்தும் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. பேக்கப் தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்கள் யார் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. (என் நூறு கடிதங்கள் ஞாபகம் வருகிறதா?) நல்லவேளை, ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதி ஒன்று இருந்தது. ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். நடந்ததை மறைக்காமல், மீட்கும் வேலையையே உலகம் பார்க்க யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். ஊரறிய ஒரு பாவசங்கீர்த்தனம்!

இன்னொன்று கேளுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-இல் அச்சானது. அதில் தினசரி ஆன்ம சோதனைக்கு ஒரு வழி சொல்கிறார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டுக்கொள். குறிப்பிட்ட அந்தக் குற்றத்தில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி வை. நேற்றைக்கு இன்று குறைந்ததா, போன வாரத்துக்கு இந்த வாரம் குறைந்ததா பார். இது என்ன? லாக் எடுத்து கிராஃப் போடுவதுதான். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஆகவே நான் இப்போது காலையில் லேப் திறந்ததும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். ஐந்து பத்துமணிகள் உண்டல்லவா, அதுபோல ஐந்து பார்வை. டிஸ்கில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று 'டி.எஃப்.' போட்டுப் பார்ப்பது. நேற்றிரவு பேக்கப் எத்தனை மணிக்கு முடிந்தது, எவ்வளவு பெரிது என்பது (நேற்றைவிடத் திடீரென்று சிறிதாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்). லாகில் சிவப்பாக ஏதாவது. யாராவது தவறான பாஸ்வேர்டு போட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறார்களா. கடைசியாக, புதுப்பிக்க வேண்டிய மென்பொருள் என்ன. மொத்தம் ஏழு நிமிடம். பெரும்பாலான நாள் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாத நாளிலும் பார்க்க வேண்டும்.

புதுப்பிப்பதைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தவித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் சோம்பல் பட்டவர்கள்தான் மாட்டினார்கள். அதற்காக வந்தவுடன் கண்ணை மூடிப் போடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோளாறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துக்கொண்டன. முதலில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நாள் பாருங்கள். பிறகு லேப் முழுவதும்.

"இதையெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதிக் கிரானில் போட்டா தானா நடக்குமே, மனுஷன் எதுக்கு?" என்று ஹாஸ்டலில் ஒருவன் என்னிடம் வாதாடினான். போடத்தான் வேண்டும். ஆனால் கிரான் நான்கு மாதம் கத்தியும் யாரும் கேட்கவில்லை என்பதுதானே கதை? மணி தானாக அடிக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பது ஆள்தான்.

ஸ்கிரிப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. சர்வர்க்காரர்கள் காலங்காலமாக ஸ்கிரிப்ட் எழுதிய மொழி பெர்ல். அதை 1987-இல் உருவாக்கிய லாரி வால் ஒரு கிறிஸ்தவர். மத்தேயு நற்செய்தியில் விலையுயர்ந்த முத்தைத் தேடும் வணிகர் உவமை வருகிறதே, அதை நினைத்துத்தான் 'முத்து' என்று பொருள்படும் பெயரை வைக்க நினைத்தார். அதே பெயரில் வேறொரு மொழி இருந்ததால் ஓர் எழுத்தைக் குறைத்தார். முத்துக்குளித்துறையில் பிறந்த எனக்கு இதைப் படித்த அன்று தலைகால் புரியவில்லை. பின்னணியில் ஓடும் புரோகிராம்களுக்கு 'டீமன்' என்று பெயர். விடுமுறையில் போனில், "டீமனை நிறுத்திட்டு மறுபடி கெளப்பு" என்று நான் சொன்னதை ஆச்சி கேட்டுவிட்டாள். அந்தப் பெயர் இயற்பியலார் மேக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்திலிருந்து வந்தது, பிசாசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அரை மணி நேரம் சொன்னேன். அன்று ஜெபமாலையில் எனக்காகக் கூடுதலாக ஒரு பத்துமணி.

நேரம் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, என் விஷயத்தில் நேரம்தான் ஒரு மனிதரை மாட்டிவிட்டது. ஈஸ்டர் தேதி பருவத்தோடு ஒத்துப்போகாமல் நழுவுகிறது என்பதற்காகவே 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி காலண்டரைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை இழுத்தடித்தது. லினக்ஸில் 'கேல்' கட்டளைக்கு 9, 1752 என்று கொடுத்துப் பாருங்கள். செப்டம்பர் 2-க்குப் பிறகு 14 வரும். ஒரு பண்டிகையின் தேதிக்காக உலகக் கடிகாரத்தையே திருத்தியிருக்கிறார்கள். நாம் ஒரு சர்வர் கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டோம். நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைக்க ஒரு வரிக் கட்டளை போதும். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்ட என்.டி.பி. ஓடட்டும். லாக் சாட்சி சொல்லும், ஆனால் கடிகாரம் சரியாக இருந்தால்தான் அந்தச் சாட்சி செல்லும்.

பேக்கப்புக்கு மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். அந்த வேறு இடம் ஏன் என்பதற்கு நம் மொழியிலேயே உதாரணம் இருக்கிறது. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது, 16 பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்களில் ஒன்று, ஜெபப் புத்தகம். இன்று அதன் பிரதியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். கடல் தாண்டிப் போனதால் பிழைத்தது. நம் சர்வரின் பேக்கப் அலமாரியில் சர்வருக்கு மேல் தட்டிலேயே இருக்கிறது. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் நம் சர்வரில் இன்னும் இருக்கிறது. பக்கவாட்டில் யாரோ வேளாங்கண்ணி மாதா படமும் ஒட்டியிருக்கிறார்கள். (யாரோ என்ன, நான்தான்.) மரியாதைக்கு இருக்கட்டும். ஆனால் படம் ஒட்டிவிட்டதால் பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று நினைப்பது பக்தியில் சேராது. ஆச்சி ஜெபமாலை சொல்லிவிட்டுக் கதவையும் சாத்தச் சொன்னவள்.

இனி சங்கத்துக்கு என் கோரிக்கை. கத்தோலிக்கர் வீடுகளில் முதல் வெள்ளி பக்தி உண்டு. இயேசுவின் திரு இருதயத்துக்காக, தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான் ஜூலையிலிருந்து முதல் வெள்ளிதோறும் ஒரு ரீஸ்டோர் சோதனை செய்கிறேன். யாராவது ஒரு மாணவர் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லுவார். அதைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். எடுத்த பேக்கப் பேக்கப் இல்லை. திரும்பி வந்ததுதான் பேக்கப். ஆகஸ்டில் ஒரு கோப்பு திறக்கவில்லை, அதனால்தான் ஒரு கெட்ட டிஸ்கைக் கண்டுபிடித்தோம். அக்டோபர் ஆயுத பூஜை விடுமுறையில் தவறிப்போனது. ஆச்சி கணக்குப்படி நவம்பரிலிருந்து புதுக் கணக்கு. இந்தப் பிப்ரவரியோடு நாலு. நான் மே மாதம் போய்விடுவேன். மிச்ச ஐந்தையும், அதற்குப் பிறகு வருவதையும் செய்ய ஆள் வேண்டும். சங்கம் இதைப் பிரின்சிபாலிடம் எழுத்தாகக் கேட்க வேண்டும்.

அதோடு லேபில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். தவறு செய்தவன் அரை மணி நேரத்துக்குள் அதில் எழுதிவிட்டால் தண்டனை இல்லை, மறைத்தால் உண்டு. இது சலுகை என்று சில ஸார்கள் சொல்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்துப் பாஸ்வேர்டு திரும்பி வந்தது, ரூட் இல்லை, சூடோ மட்டும். இப்போது எதை அழிக்கும் முன்பும் அதே குறியை 'எல்.எஸ்.' போட்டுப் பட்டியல் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன். சர்வர் கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது. காலை லேப் திறந்ததும் அண்ணாச்சி அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கிறார். "தம்பி, உம்ம சர்வர் ரெண்டு நிமிஷம் ஸ்லோ" என்கிறார். இல்லை அண்ணாச்சி, உங்க வாட்ச்தான் ஃபாஸ்ட் என்று பல தடவை சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொள்வதாக இல்லை.